எங்கள் பாட்டைத் திருடியவர்கள் மீது நான் எழுதிய மகஜர்

இந்தக் காலத்துப் பாட்டைப் பற்றி என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டால், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் நான் ஏறிய ரயில் பெங்களூர் போய்ச் சேரும்வரை நிறுத்தமாட்டேன். கேட்காவிட்டாலும் அப்படித்தான். தினமும் காலையில் அதே பெட்டி, அதே சீட்டு, கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்கும் அதே ஆட்கள். பாவம், ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கவா முடியும்? கேட்டுத்தான் ஆகவேண்டும்.

என் கட்சி ரொம்பச் சுருக்கம். இப்போது வருவதெல்லாம் காப்பி. பழைய மெட்டு ஒன்றை எடுக்கவேண்டியது, நடுவில் ஒருத்தனை விட்டு இங்கிலீஷில் வேகவேகமாக யாரையோ திட்டச் சொல்லவேண்டியது, அடியில் ‘டம் டம்’ என்று ஒரு சத்தத்தை ஓடவிடவேண்டியது, புதுப்பாட்டு தயார். பங்காருப்பேட்டையில் ஆரம்பித்தால் சிக்னல் விழுவதற்குள் முடிந்தும் போகிறது. இதற்கு ஒரு விருது வேறு கொடுக்கிறார்கள்.

எதிர்க்கட்சி ஒரு பெண். ஒயிட்ஃபீல்டில் இறங்கி கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள், ஜன்னலோர சீட்டு அவளுடையது. காதில் வெள்ளையாக எதையோ சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஆரம்பித்ததும் ஒரு காதிலிருந்து மட்டும் அதைக் கழற்றுவாள்.

“சும்னே பேசாதீங்க அங்கிள். உங்க காலத்துல மட்டும் இன்னா ஒரிஜினல் இருந்துச்சு? ரெண்டு பேரும் மரத்த சுத்திச் சுத்தி ஓடுவாங்க. அதுலயும் அதே மரம்.”

பெட்டியே சிரிக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்போதுதான் என் துருப்புச் சீட்டை எடுத்துப் போடுவேன்.

“எங்க நைனா போட்ட டியூன் ஒண்ணு கீது. கேட்டிருக்கியா? எங்கயும் பாத்து எடுத்தது இல்ல. அவர் மனசுலேர்ந்து வந்தது.”

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அண்டர்கிரவுண்டில் டிம்பர் வேலை பார்த்தவர். நிலத்தடியில் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அவர் கைக்கு உளியும் ரம்பமும் பழக்கம், ஆர்மோனியத்தை அவர் தொட்டதே கிடையாது. அப்படிப்பட்டவர் எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருக்கும் புத்த விகாரைக்கு எட்டு வரியில் ஒரு பாட்டு எழுதினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பாடித்தான் கும்பிட்டு எழுந்திருக்கிறோம். கல்யாணத்திலும் அதுதான், சாவு வீட்டிலும் அதுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே கோயில் பாட்டு, சர்ச்சுப் பாட்டு, சங்கத்து கேட் மீட்டிங் பாட்டு எல்லாமே சினிமா மெட்டில்தான் இருக்கும். ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு உட்கார்ந்து மெட்டமைக்க நேரமேது? வார்த்தையை மட்டும் மாற்றுவார்கள். எங்களைப்போன்ற பிள்ளைகளுக்கு முதலில் காதில் விழுந்தது விகாரைப் பாட்டு, அப்புறம்தான் ரேடியோ. அதனால் ரேடியோவில் அந்த மெட்டு வந்ததும், “டேய், நம்ம பாட்ட சினிமாக்காரன் சுட்டுட்டான்டா” என்று தெருவையே கூட்டுவோம். வளர்ந்த பிறகு உண்மை தெரிந்து சிரித்தோம். ஒவ்வொரு பாட்டாக அதன் சினிமா வந்து சேர்ந்தது. நைனா பாட்டுக்கு மட்டும் எந்தச் சினிமாவும் வரவில்லை. நானும் வருஷக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வரவேயில்லை.

அதில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது. இந்த ஊரில் எது எங்களுடையது? தங்கம் வெளியே போனது. மெஷின் வெள்ளைக்காரனுடையது. தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்தை மூடிய பிறகு வேலையும் பெங்களூருக்குப் போய்விட்டது, அதன் பின்னாலேயே நாங்களும் தினம் ரயிலேறி ஓடுகிறோம். இங்கேயே பிறந்து இங்கேயே தங்கியது அந்த ஒரு டியூன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் சண்டைக்கே போவேன்.

ஒரு வியாழக்கிழமை. வண்டி டேக்கல் தாண்டியிருக்கும். அந்தப் பெண் போனை என் பக்கம் நீட்டினாள்.

“அங்கிள், இப்ப எல்லார் ரீல்ஸ்லயும் இதுதான் ஓடுது. இதையாவது நல்லா இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

டம் டம் என்றது. ஒருத்தன் இங்கிலீஷில் திட்டினான். அப்புறம் ஒரு பெண்குரல் இந்தியில் எடுத்தது பாருங்கள். எங்கள் விகாரைப் பாட்டு! நைனாவின் டியூன்!

“நிறுத்து நிறுத்து நிறுத்து!” என்று நான் போட்ட சத்தத்தில் மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து செயினை இழுக்கப் போனார்.

விஷயத்தைச் சொன்னதும் பெட்டியே என் பக்கம் சாய்ந்தது. எதிர்க்கட்சிகூட. “அய்யய்யோ அங்கிள், இது பெரிய அநியாயம். விடாதீங்க, கேஸ் போடுங்க” என்றாள். மாலூர் வருவதற்குள் மகஜரில் முதல் பத்தி முடிந்துவிட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மாபெரும் சுரங்கத் தொழிலாளியும் இசை மேதையுமான எங்கள் தந்தையார்’ என்று ஆரம்பம். வடை விற்க வந்தவர் விஷயம் என்னவென்றே தெரியாமல் தானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் மகஜரை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டியவர். கட்டிலில் உட்கார்ந்து முறுக்கை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இசை மேதைன்னா யாரு?”

“நீதான் நைனா.”

“அடச்சீ!” என்றார். முறுக்கு டீக்குள் விழுந்துவிட்டது.

போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நல்லாத்தானே பாடியிருக்கு அந்தப் பொண்ணு” என்றார்.

“திருடிட்டாங்க நைனா! கையெழுத்துப் போடு.”

கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கேட்டேன், கை நடுங்குகிறது என்றார். சனிக்கிழமை பேனாவைக் கையில் திணித்தேன், பேனா எழுதவில்லை என்றார், மூடியைக்கூடக் கழற்றாமல். சரி, அடக்கம், கூச்சம், அந்தக் காலத்து மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். நாமே விகாரையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம், அப்புறம் அவர் போட்டுத்தானே ஆகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நன்றாகவே இருந்தது. பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள், வார லீவில் இருந்த, என்னைப்போல் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள், ஸ்கெலட்டன் லைனிலிருந்து பஸ் பிடித்து வரும் பெரியம்மா. பெரியம்மா சொந்தமில்லை. நைனாவோடு ஒரே கேங்கில் வேலை செய்து, நிலத்தடியில் பாறை வெடித்ததில் செத்துப்போன நண்பருடைய மனைவி. அப்போது எனக்கு ஐந்தாறு வயசு. அன்றிலிருந்து அவர் உட்காருவது விகாரையில் அதே தூண் ஓரம்தான்.

நான் எழுந்து நின்று பிரசங்கமே செய்துவிட்டேன். ‘இந்தக் காலத்தவர்களுக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றாது, சொந்தமாகத் தோன்றியவர்களிடமிருந்து திருடுவார்கள்’ என்றெல்லாம் சொல்லி, சின்ன ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டேன். முதல் வரியிலேயே சனங்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது வரியில் எல்லோரும் எங்கள் வார்த்தையைப் போட்டுக் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வரியில் ஒரு கோளாறு. ஸ்பீக்கர் மேலே ஏறியது, விகாரை கீழே இறங்கியது. இரண்டும் முட்டிக்கொண்டு கண்றாவியாகக் கேட்டது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

“பாத்தீங்களா?” என்றேன் வெற்றியோடு. “தெரியாம இருக்க ஒரு எடத்துல மட்டும் மாத்தி வச்சிருக்கான் திருட்டுப் பய.”

“அவன் மாத்தல” என்று நைனா சொன்னார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “அந்தப் பொண்ணு சரியாத்தான் பாடுது. நாமதான் தப்பு.”

அப்புறம் அவர் விஷயத்தைச் சொன்னார். அது ஒரு பழைய இந்திப் படத்துப் பாட்டு. ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாமல் எடுத்துவிட்ட படம். நைனாவும் செத்துப்போன அந்த நண்பரும் ஷிஃப்ட் முடிந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். நண்பருக்கு அந்த ஒரு பாட்டு ஒட்டிக்கொண்டது. சுரங்கத்து லிஃப்டான கேஜில் இறங்கும்போது, மரம் அறுக்கும்போது, சாப்பிட உட்காரும்போது எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வெறும் ‘ந ந ந’ தான்.

“மூணாவது வரி மேல போகணும். அவனுக்கு மூச்சு பத்தாது. அங்க வந்ததும் கீழ எறங்கிடுவான்” என்றார் நைனா. “அவன் செத்துப்போன வருஷம்தான் விகாரைக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுன்னு கேட்டாங்க. உக்காந்தேன். காதுல அவன்தான் பாடிக்கினு இருந்தான். அப்படியே எழுதிட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரயிலில் எத்தனை வருஷம் மார் தட்டியிருக்கிறேன்! திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

“ஏன் நைனா இத்தினி வருஷமா சொல்லல?”

“டியூன் என்னுதுன்னு நான் எப்படா சொன்னேன்? நீதான் சொல்லிக்கினு திரிஞ்ச. சின்னப் புள்ளயிலேர்ந்து சொல்லிக்கினு இருந்த. சந்தோஷமா இருக்கானேன்னு விட்டேன்.”

விகாரை சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அசிங்கமாகவும் இருந்தது. அவரை ஒரு பொய்க்குக் காவல் வைத்ததே நான்தான் என்று புரிந்தது. மகஜரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் தூண் ஓரத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். “டேய், அத இன்னொரு தபா போடு.”

போட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். டம் டம்மையும் கேட்டார், இங்கிலீஷ் திட்டையும் பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது வரியில் அந்தப் பெண்குரல் மேலே போனபோது அவர் கையும் தானாக மேலே போனது.

“ஓ, இப்படித்தான் போவுமா அது?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நான் கொயந்த பெத்துப் படுத்திருந்தேன். எழுந்ததும் இட்டுக்கினு போறேன், இட்டுக்கினு போறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அதுக்குள்ள படத்த தூக்கிட்டாங்க. அவர் வாயால கேட்டதுதான். இன்னிக்குத்தான் நெஜப் பாட்டக் கேக்கறேன். எவ்ளோ நல்லா கீது!”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னால் முடிந்த ஒரே பரிகாரம் அதுதான் என்று தோன்றியது. “பெரியம்மா, இனிமே நாம சரியாவே பாடிடலாம். மூணாவது வரிய நானே எல்லாருக்கும் கத்துக் குடுக்கறேன். ரெண்டு ஞாயித்துக்கெழம போதும்.”

பெரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு? சரியாப் பாடறதுதான் உன் போன்லயே கீதே. அவர் பாடினத நான் வேற எங்கடா போய்க் கேக்கறது?”

நைனா தலையைக் குனிந்துகொண்டார். யாரோ பாட்டை எடுத்தார்கள். மூன்றாவது வரி வந்ததும் நாங்கள் அத்தனை பேரும் ஒழுங்காகக் கீழே இறங்கினோம்.