சொந்த ஆட்களைப் பற்றி ஓர் ஆய்வு

கடற்கரைப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. நிருபர் வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கியிருந்தேன். நான் பிறந்தது குமரிக் கடற்கரையில் உள்ள இனயத்தில், மீன்பிடிக்கிற வீட்டில். துறையின் மூத்த பேராசிரியர் தொடக்கத்திலிருந்தே ஒரே ஆட்சேபத்தைச் சொல்லிவந்தார்: சொந்த ஆட்களைப் பற்றி எழுதினால் நடுநிலை வராது.

கடைசி வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் நிறைவில்லை என்று சொல்லிவிட்டால் பட்டம் இல்லை. வழக்கமாகத் துறை மாணவர்கள் காப்பிக்கும் ஏத்தங்காய் வத்தலுக்கும் வருவார்கள். அறிவிப்பில் 'அனைவரும் வருக' என்றிருந்ததை நான் வீட்டில் சொல்ல, எங்கள் தெரு அதைக் கல்யாண அழைப்பாக எடுத்துக்கொண்டது. ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து, பேராசிரியர்களுக்கென்று விட்டிருந்த முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எழுப்ப யாரும் துணியவில்லை.

என் முடிவுகளைச் சொன்னேன். கடற்கரை மாணவர் வாய் திறந்தால் 'கடப்புறத்துச் சத்தம்' என்று வகுப்பு சிரிக்கிறது. அதே பேச்சுக்காகச் செமினாரில் இன்டர்னல் மார்க் குறைகிறது. மார்க் குறைந்தவர் அடுத்த பருவத்தில் வருவதில்லை.

பேராசிரியர் எழுந்தார். "உங்க ஆளுங்க சொன்னதை அப்படியே நம்பியிருக்கீங்க. இதுல நடுநிலை எங்கம்மா இருக்கு?"

"நாஞ்சில் நாட்டு நெல் விவசாயத்தைப் பத்தி நம்ம துறையில ஆய்வு செஞ்சவங்க எல்லாரும் வயல் உள்ள வீட்டுக்காரங்க சார். அவங்ககிட்ட இதைக் கேட்டீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மீன் வியாபாரம் செய்யும் என் மாமி.

"ஏட்டி, எல்லாத்துக்கும் காலேஜுதான் காரணம்னு எழுதி வச்சிருக்கியா? எங்களப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"இருக்கு மாமி. ஒரு அத்தியாயமே இருக்கு."

"என்னண்ணு?"

"மீன்பிடிக்கப் போற போட்டுக்கு ஆளு குறைஞ்சா பரீட்சை நேரத்துல பயல இழுத்துட்டுப் போறது. நல்ல சம்பந்தம் வந்தா பொம்பளப் பிள்ளைய நிறுத்துறது."

"எனக்க மவளுக்கக் கதையும் உண்டா?"

"யாருக்க பேரும் இல்ல மாமி."

மாமி உயர்த்திய கையை இறக்கினாள். "உள்ளதுதான்" என்றாள். பிறகு மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "சாருமாரே, கையெழுத்தப் போடுங்க. எங்களுக்கு மூணு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போவணும்."

முதலில் சிரித்தவர் வெளியூர்த் தேர்வாளர். அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்தபடி பேராசிரியரைப் பார்த்து, "வேற கேள்வி இருக்கா சார்?" என்றார்.

பேராசிரியர் இல்லையென்று தலையசைத்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தார். முன்வரிசை முழுவதும் எழுந்து கைதட்டியது. பின்வரிசைகளில் இருந்த கடற்கரை மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தை அன்று யாரும் அடக்கச் சொல்லவில்லை.

நான் மேடையை விட்டு இறங்கியதும் மாமி என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களையும் விடல்ல, எங்களையும் விடல்ல. நீ ஜெயிச்சிட்ட மக்கா."