ஓரத்திலிருந்து வளர்ந்த தோல்

எழுதுவதற்குத் தகுதி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் பின்வரிசைக்குப் போய்விடுகிறவள் நான். போன மாதம் எங்கள் கொல்லிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிஸ்டருக்கு வழியனுப்பு விழா நடந்தது. என் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள். வணக்கம் என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் தாள் தொங்குகிறது. அந்தப்பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவான தாள். அதில் நீல மையில் கோணல் வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வருகிறவர்கள் மலைப்பாதையின் வரைபடமா என்று கேட்பார்கள். அது என் வீட்டுக்காரரின் கால் புண்.

மிளகுக்கொடி படர்ந்த மரங்களில் எங்கள் பக்கம் ஒற்றை மூங்கிலைச் சாய்த்துத்தான் ஏறுவார்கள். கணுவில் விட்டுவைத்த குச்சிகளே படிகள். மழைக்கு முன்னால் கிளை கழிக்க ஏறியபோது அவர் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே, முன்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துபோனது. சர்க்கரை நோய் இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியும் புண் மூடவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் தொடையில் தோல் எடுத்து ஒட்ட வேண்டும், அப்படியே விட்டால் எலும்புவரை போய்க் காலுக்கே ஆபத்து என்றார். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி பஸ் மலை வளைவுகளில் ஏறியபோதும் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "ஒரு புண்ண ஆத்த இன்னொரு புண்ணா? நான் அங்க வரமாட்டேன். போனாப் போகட்டும் காலு." மரம் ஏறாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

இதைக் கேட்ட சிஸ்டர்தான், "அதுவரைக்கும் என்கிட்ட வாங்கண்ணே, பாத்துருவோம்" என்றார். தெற்கே கடலோர ஊர்க்காரர். மலைக்குளிர் அவருக்குப் பழகவே இல்லை. வெள்ளை உடுப்புக்கு மேலே எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் இருக்கும். என்னைவிட வயதில் சின்னவர். ஒட்டிப்போன துணியை அவர் இழுத்து எடுத்து நான் பார்த்ததில்லை. உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து, அது தானாக விடும்வரை குந்தியிருப்பார். வெளியே வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு முணுமுணுத்தாலும் அந்த ஒரு வேலையில் அவருக்கு அவசரம் கிடையாது. வாரம் ஒருமுறை புண்ணின் மேல் சுத்தமான மெல்லிய உறையை விரித்து, அதன்மேல் இந்தத் தாளை வைத்து, புண்ணின் கரையைப் பேனாவால் சுற்றி வரைவார்.

"ஏனுங்க சிஸ்டரு, காலுல கோலம் போடறீங்களா?" என்றார் இவர்.

"ஆமாண்ணே. வாராவாரம் கோலம் சின்னதாகணும். ஆகலைன்னா உங்ககூடப் பேச மாட்டேன்."

முதலில் சின்னதானது. புண்ணின் அடி சிவந்து, பொடிப்பொடியாகச் சதை ஏறி மேடானது. அதற்குப் பிறகு கோடு நகரவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைந்து மை தடித்துவிட்டது. இன்றைக்கும் தாளில் அந்த இடம் மட்டும் கருநீலமாகத் தெரியும். சிஸ்டர் சர்க்கரையைப் பார்த்தார், அது கட்டுக்குள்தான் இருந்தது. பச்சிலை ஏதாவது அரைத்து வைக்கிறோமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். "இல்லீங்க" என்றேன். உண்மைதான். கீழே போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "எங்கேயோ தப்பு இருக்குக்கா" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தத் தப்பு எங்கள் குழாயடியில் இருந்தது. கட்டு மாற்றுகிற நாளில் ஒரு காலை, தடுப்பூசிப் பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்த சிஸ்டர் இவரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார். இவர் கட்டை அவிழ்த்து, காலைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் புண்ணின் கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரையில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்து, அழுக்கோடு சிஸ்டர் முன்னால் போய் உட்காரக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் இப்படித் தேய்த்துக் கழுவி, அவர் கட்டியது போலவே திரும்பக் கட்டிக்கொண்டுதான் போவார். பெரியவர்கள் வீட்டுக்குப் போகும்முன் கைகால் கழுவுகிற மரியாதை அது. நானும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"வாங்க சிஸ்டரு, உங்களுக்கோசரந்தான் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கறனுங்க" என்றார் பெருமையாக.

"கைய எடுங்கண்ணே!" சிஸ்டர் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஈரத்தரையில் மண்டியிட்டார். புண்ணின் கரையை ஒட்டிக் குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்க, சிரித்துவிட்டார்.

"அது அழுக்கில்ல அண்ணே, உங்க புதுத்தோல். ஒரே ஒரு அடுக்குதான், அதான் வெள்ளையாத் தெரியுது. ஓரத்துல இருக்கற செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், அப்படியே உள்ள நகரும். இந்தப் புண்ணுக்கு நடுவுல தோல் தானா முளைக்காது, கரையிலருந்துதான் வரணும். வர வர நீங்க வழிச்சுப் போட்டுருக்கீங்க."

இவர் கையிலிருந்த நாரைக் கீழே போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "மொளைச்ச சாமையக் களைன்னு நெனச்சுக் கொத்திப் போட்டுட்டனுங்களா!"

செல் பிரிவது பற்றிப் பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருக்கிறேன். படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் படம் இப்படி ஒரு மனிதனின் காலில், எங்கள் குழாயடியில், யாருடைய உதவியும் கேட்காமல் நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று கட்டுப் போட்டு முடித்ததும், கூச்சத்தை விட்டு ஒன்று கேட்டேன். எதிர்க்கரை வந்துவிட்டது என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும்? சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்கேருந்து வர்றதத் தொட்டதும் நின்னுரும்கா. பெருகறது பெரிசில்ல, நிக்கத் தெரியணும். நிக்காமப் பெருகினா அதுதான் கட்டி." இப்போதும் அந்த வார்த்தையை வேலைக்கு நடுவில் நினைத்துக்கொள்வேன்.

சிஸ்டரே டாக்டருக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி அவகாசம் கேட்டார். அவரும் கொடுத்தார். கோடுகள் மறுபடி உள்ளே நகர்ந்தன. தாளைக் கீழே எடுத்துப்போனபோது டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒட்ட வேண்டாம், அது தானே வருது" என்றார். திரும்பும் பஸ்ஸில் இவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

மிளகு பழுத்த சமயம், ஒருநாள் சிஸ்டர் கட்டைப் பிரித்து, தாளை விரித்து, பேனாவைத் திறந்தார். வரைவதற்கு ஒன்றும் இல்லை. "கோலம்னா நடுவுல ஒரு புள்ளி வேணாமா?" என்று ஒரு புள்ளி வைத்து, தாளை என்னிடம் கொடுத்தார்.

இப்போது அந்த அறையில் வேறு சிஸ்டர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் மறுபடி மரம் ஏறுகிறார். முன்னங்காலில் அந்த இடம் முடியில்லாமல் வெளுத்துப் பளபளவென்று இருக்கிறது. காலை வெயில் தாளின் வழியாக விழும்போது கோடுகளும் நடுப்புள்ளியும் தரையில் நிழலாகத் தெரியும். இவர் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்.

புள்ளி வைத்த மறுநாள் காலை, இவர் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினார். நார் இல்லாமல், வெறும் கையால்தான்.