மறுபாதியை யார் சொல்வது?

போன திங்கட்கிழமை என் கைத்தொலைபேசி 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தேன். 'இந்தியா உங்களை அன்புடன் வரவேற்கிறது.'

விமான நிலையத்தில் நின்றுகொண்டு இதை வாசிப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நான் வாசித்த இடம் விடத்தல்தீவுக்கு வெளியே, நடுக்கடலில், எஞ்சின் நின்றுபோன ஒரு ஃபைபர் வள்ளம். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. அடையாள அட்டை கரையில், நேவிக் காவலரணில். உயிர்... அது எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நீ ஏன் ஐயா அங்கே போனாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி றீற்றாவின் தம்பி சவிரிமுத்து கடற்றொழிலாளி. அவனுடைய பழைய வள்ளம் சண்டைக்காலத்தில் வன்னிக் கரை ஒன்றில் கைவிடப்பட்டது. அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டில் போட்டு, அலையாய் அலைந்து, கடைசியில் ஓர் உதவி நிறுவனம் புது வள்ளம் கொடுத்தது. திங்கள் காலை சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பது, உடனே கடலில் இறக்கி, முதல்நாள் இரவல் வள்ளத்தில் போட்ட நண்டு வலையை எடுக்கப் போவது என்று ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்துக் கூட்டாளிக்குக் காய்ச்சல். தனி ஆளை விடமாட்டோம் என்றார்கள் காவலரணில். ஆசீர்வதித்த வள்ளத்தைக் கரையில் போட்டு வைக்கக்கூடாது என்றது ஊர்.

"நீங்கள் வாங்கோ அத்தான். சும்மா இருந்தால் காணும்," என்றான் சவிரி.

சும்மா இருப்பதா? அது என்னுடைய துறை அல்லவா!

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பெருநிலப்பரப்பில், வயல் செய்கிற சைவக் குடும்பத்தில் பிறந்தவன். றீற்றாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தேன். ஆக, கோயிலும் என்னைத் தன் ஆள் என்கிறது, சேர்ச்சும் என்னைத் தன் ஆள் என்கிறது. இரண்டுக்குமே நான் போவதில்லை. காரணம் தத்துவம் இல்லை. வரிசை.

முகாமில் தண்ணீருக்கு வரிசை. சோற்றுக்கு வரிசை. கக்கூசுக்கு வரிசை — அதில் நிற்கும்போது மனிதன் எந்த மதத்தையும் நம்புவான். வெளியே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்ததும் கையில் வாளி இருக்கிறதா என்று தேடினேன். விலகி வந்துவிட்டேன். அன்று முடிவெடுத்தேன், இனி கடவுளைப் பார்க்க வரிசையில் நிற்பதில்லை.

அதற்காக அவரை விட்டுவிடவில்லை. விடியற்காலையில் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, அவரோடு கொஞ்சம் கதைப்பேன். அவருக்குப் பெயர் இல்லை. கிராம அலுவலர் விதானையாரிடம் பதிவில்லை. படம் கிடையாது, திருவிழா கிடையாது. நல்ல மனுஷன். குறுக்கே பேசமாட்டார்.

இப்படிப்பட்ட ஞானிதான் அன்று காலை, கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கும் நீந்தத் தெரியும். கால் நிலத்தில் முட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். வள்ளத்துக்கு, வலைக்கு, சவிரிக்கு... அடுத்தது நான். நான் மெல்ல வலைக்குவியலுக்குப் பின்னால் நழுவினேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! சுவாமியாருக்கு விளங்கியது, சிரித்துவிட்டு அப்பால் போனார். றீற்றாவுக்கும் விளங்கியது. அவள் சிரிக்கவில்லை.

புறப்பட்டோம். வலை போட்ட இடத்துக்குப் பாதி வழி தாண்டியிருப்போம். எஞ்சின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றுவிட்டது.

எஞ்சின் நின்ற பிறகு கடல் எவ்வளவு பெரிது என்று தெரியும் பாருங்கள்... அதுவரை யாரோ அதைச் சுருட்டி வைத்திருந்த மாதிரி.

"பயப்பிடாதேங்கோ அத்தான். கொண்டல் காத்துத்தான்."

"கொண்டல் எந்தப் பக்கம் கொண்டுபோகும்?"

"இந்தியாப் பக்கம்," என்றான், பஸ் நடத்துநர் மாதிரி.

அப்போதுதான் அந்த 'டிங்'. ஒரு காலத்தில் எங்கள் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் வள்ளமேறி அக்கரைக்குப் போனது. எனக்கோ பட்டப்பகலில், வரவேற்புச் செய்தியோடு! எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும்? யார் பிடிப்பார்கள்? எந்தச் சிறை? அங்கேயும் வரிசை இருக்குமே?

மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி என்று எனக்கு நானே சொன்னேன். கண்ணை மூடினேன். மூச்சு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரில்லாத என் ஆளைக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவர் குறுக்கே பேசவில்லை.

எஞ்சின் நின்றால் வள்ளம் அலைக்கு விலாவைக் காட்டிவிடும். ஒவ்வோர் அலையும் உள்ளே எட்டிப் பார்த்தது. பார்த்ததோடு போகவில்லை, கொஞ்சம் வந்து உட்கார்ந்தது. கணுக்கால் நனைந்தது. நான் எழும்பினேன். வள்ளம் சரிந்தது. இருந்தேன். மறுபடி எழும்பினேன்.

"அத்தான், ஒண்டில் இருங்கோ, இல்லாட்டில் நில்லுங்கோ. இரண்டையும் சேர்த்துச் செய்யாதேங்கோ." பாதியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கானைக் கையில் தந்தான். "இந்தாங்கோ, தண்ணியை இறையுங்கோ."

அவன் எஞ்சின் மூடியைக் கழற்றினான். கை வேலையில் இருக்க, வாய் செபமாலையைத் தொடங்கியது. 'அருள் நிறைந்த மரியே' முன்பாதி முடிந்தது. செபம் நின்றது. கையும் நின்றது. ஏதோ ஆணி கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னடா?"

"மறுபாதி."

"என்ன மறுபாதி?"

"முன்பாதி நான் சொன்னனான். மறுபாதி நீங்கள் சொல்லோணும். எங்கடை வீட்டிலை அப்பிடித்தானே."

"முழுக்க நீயே சொல்லன்."

"ஒரு ஆளே இரண்டு பக்கமும் சொன்னால் அது செபமோ அத்தான்? விசரன் தனியக் கதைக்கிற மாதிரியெல்லோ."

அவன் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவனுக்கு என் கதிரை விஷயம் தெரியாது. ஆனாலும் அந்தக் கடலின் நடுவில் எனக்கு முகம் சுட்டது. விடியற்காலைதோறும் முற்றத்தில் நான் செய்துகொண்டிருந்தது என்ன?

"எனக்குப் பாடமில்லை," என்றேன்.

"அக்காவைக் கட்டேக்கை சுவாமியாருக்கு ஒப்புவிச்சனீங்கள்."

"அது கலியாணப் பயம். இது வேறை பயம்."

"பயத்திலை என்ன சாதி அத்தான்? சொல்லுங்கோ."

உண்மையில் எனக்கு அது மனப்பாடம். ஒவ்வொரு மாலையும் றீற்றா உள்ளே சொல்ல, நான் வெளியே இருந்து கேட்கிறேனே! சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை காலம் ஒளித்துத் திரிந்துவிட்டு, எஞ்சின் நின்றதும் ஓடிப்போய் வாசலில் நின்றால் அது பக்தியா, லஞ்சமா? எந்த முகத்தோடு கேட்பது? சரி, சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். வந்தது ஓர் ஏப்பம். வெட்கத்தில் குனிந்து, ஒரு கான் தண்ணீரைக் கோலிக் கடலில் வீசினேன்.

சளக்.

சவிரி ஒரு நிமிடம் பார்த்தான். "சரி," என்றான். அடுத்த முன்பாதியைத் தொடங்கினான். முடித்து, நிறுத்தினான். நான் கோலி வீசினேன். சளக். அடுத்தது. சளக்.

நம்புவீர்களோ தெரியாது. அவன் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுத்ததுக்குப் போனான். நான் பிந்தினால் காத்திருந்தான். என்னை நம்பி ஒரு செபம் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பயத்தில் மற்றப் பயத்தைக் கொஞ்சம் மறந்துபோனேன். ஓடிப்போன மூச்சு எப்போது திரும்பி வந்ததென்று நான் கவனிக்கவில்லை.

சவிரி எஞ்சினிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்தான். மண்ணெண்ணெய்க்கு அடியில், கண்ணாடி உருண்டை மாதிரி ஏதோ உருண்டது.

"எண்ணெய்க்குள்ளை தண்ணி. கலப்படம் செய்து வித்திருக்கிறான் நாசமாப்போனவன். நான் கரைக்குப் போய்க் கடைக்காரனுக்குச் செய்யிறன் வேலை."

ஊற்றினான். இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனியால் துடைத்தான். குழாயை வாயில் வைத்து ஊதினான். செபத்துக்கும் ஏச்சுக்கும் நடுவில் கயிற்றை இழுத்தான். இழுத்தான். இழுத்தான். எஞ்சின் இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது.

அழுதேனா? கடல் தண்ணீர் முகத்தில் அடித்தது என்று வைத்துக்கொள்வோம்.

வலையை எடுக்காமல் வள்ளத்தைத் திருப்பினான். செபமாலையை மட்டும் விடவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திச் சொன்னான். இங்கே ஒரு சிக்கல். வள்ளத்தில் தண்ணீர் முடிந்துவிட்டது. செபம் முடியவில்லை. அவனோ ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி என்னைப் பார்க்கிறான். என்ன செய்வது? கடலிலிருந்தே கோலிக் கடலிலேயே ஊற்றிக்கொண்டு வந்தேன். கரையில் நின்று யாராவது பார்த்திருந்தால் அங்கொடைக்குத் தகவல் கொடுத்திருப்பார்கள். விளங்காதவர்களுக்கு — அது கொழும்பில் மனநோயாளர் ஆஸ்பத்திரி இருக்கும் இடம்.

கரையில் றீற்றா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நேரம் பிந்தியது என்று ஏசவில்லை. நான் இறங்கியதும் லைஃப் ஜாக்கெட்டின் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சவிரி எண்ணெய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"எனக்குத் தெரியும், வந்திடுவியளெண்டு," என்றாள் மெதுவாக. "நீங்கள் தீர்த்தத்துக்கு ஒளிச்சு நிண்டனீங்கள். எனக்கு மனம் கேக்கேல்லை. சுவாமியாரிட்டை மிச்சத்தை வாங்கி, ஒருத்தருக்கும் தெரியாமல் எஞ்சின் டாங்கிக்குள்ளை ஊத்திவிட்டனான். அதுதான் உங்களைக் கொண்டந்து சேர்த்தது."

சவிரி நின்ற இடத்தில் நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தாங்கியைப் பார்த்தான்.

வாசகர்களே, என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த மிகப் பெரிய பகிடி அது. இனி ஒன்று இப்படி வராது. நுனிநாக்கில் வந்து நின்றது. றீற்றாவைப் பார்த்தேன். கரைக்கு வந்த பிறகும் அவள் பட்டியை விடவில்லை; இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் வெளிறியிருந்தன.

"ஓம்," என்றேன்.

"ஓமக்கா," என்றான் சவிரி. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாவம் கடைக்காரன். வழி முழுக்க ஏசிப்போட்டன்."

அதோடு அந்தக் கதை முடிந்தது. இதை இங்கே எழுதுகிறாயே, அவளுக்குத் தெரியாதா என்று பதறவேண்டாம். பத்திரிகையில் வரும் என் பத்தியை வாசிப்பது நேரவிரயம் என்பது றீற்றாவின் அசைக்க முடியாத விசுவாசங்களில் ஒன்று.

அன்று மாலை செபமாலை நேரம். வழக்கம்போல முற்றத்தில் என் கதிரைக்குப் போய் இருந்தேன். றீற்றா வெளியே வந்தாள். கையில் கிணற்று வாளி.

"தம்பி எல்லாம் சொன்னவன்," என்றாள்.

"எல்லாமோ?" என்று கதிரையை விட்டு எழும்பினேன்.

"நீங்கள் மறுபாதிக்குத் தண்ணி இறைச்சதை." வாளியைக் கையில் திணித்தாள். "நான் உள்ளுக்குச் சொல்லுறன். நீங்கள் கத்தரிக்கு இறையுங்கோ. சத்தம் கேக்கோணும்."

இறைத்தேன். அன்றும், அடுத்த நாளும். நேற்றுக் கொஞ்சம் பிந்திவிட்டேன். உள்ளேயிருந்து ஏச்சு விழுந்தது.

மதங்களெல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் — எவனோ ஒருவன் பயத்தில் ஒருமுறை செய்ததை, தினமும் நேரத்துக்குச் செய் என்று அவன் மனைவி சொன்னதில்.