அக்கா போனில் மாமாவின் மெயில்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மாமாவின் மெயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு வழியில்லை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இரும்பு அலமாரி செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். செய்து முடித்த அலமாரியை லாரியில் ஏற்றி, சொன்ன இடத்துக்குச் சொன்ன நாளில் அனுப்ப வேண்டும். ஏற்றுவதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எழுதுவதில்தான் இழுபறி. 'சரி' என்று ஒரு வார்த்தை எழுத இரண்டு தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. சூப்பர்வைசர்கள் எல்லாரும் ஆபீஸ் மெயிலைத் தங்கள் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். மாமாவிடம் இருந்தது பட்டன் போன். கீழே விழுந்தால் தரைக்குத்தான் சேதம். இதில் மெயில் ஏறாது என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் கையை விரித்துவிட்டார். புதுப் போன் வாங்க வேண்டியதுதானே? வாங்குவாரா! மறுநாள் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு போய், அதில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் அவளுக்குப் போன் வேண்டுமே. ஆக, மாமா ஆபீசில், மாமாவின் மெயில் வீட்டில். இப்படியொரு ஏற்பாடு எந்த மகாராஜனுக்குத் தோன்றும்?

அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார். மெயில் ஏற்றிய போனை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை போகும் என்று அதில் அச்சடித்திருந்தது. படிச்சீங்களா என்று கேட்டேன். "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்றார்.

முதல் வாரமே வம்பு. போனில் இடமில்லை என்று அக்கா ஐம்பது அறுபது மெயிலை அழித்துத் தள்ளினாள். அந்த நேரத்தில் மாமா ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காணாமல் போகவும் எழுந்து சுவரோரமாய் நின்றுவிட்டாராம். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்து, இரண்டும் ஒரே மெயில்தான், அங்கே வந்தால் இங்கேயும் வரும், இங்கே அழித்தால் அங்கேயும் போகும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு அக்கா எதையும் அழிக்கவில்லை. படிக்க ஆரம்பித்தாள்.

முதல் பதில் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை வண்டி உண்டா என்று மேனேஜர் கேட்டிருந்தார். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் தட்டிக் கேட்டாள். "உண்டுன்னு போடு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போட்டாள். அடுத்த மாதம் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த மாதம் மாமா குளிக்காத நேரத்திலும் அவளே போட்டாள்.

அந்தக் கம்பெனி வாசலை அவள் மிதித்ததே இல்லை. ஆனால் எந்த லாரியில் எத்தனை அலமாரி கொள்ளும், எந்த டிரைவருக்குத் திங்கட்கிழமையானால் தலைவலி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே, "எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? வாசல் அகலம் என்ன?" என்று மாமா பெயரில் எழுதிக் கேட்பாள். மாமா ஆபீசிலிருந்து பட்டன் போனில் கூப்பிட்டு, "முதல் வண்டி எங்க போகுது?" என்பார். அவள் சொல்வாள், அவர் ஏற்றுவார்.

வாசலில் நுழையாமல் திரும்பி வரும் அலமாரிகள் பாதியாகக் குறைந்தன. வருஷக் கடைசியில் சிறந்த ஊழியர் என்று மாமாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறது. அக்காதான் தூசி தட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டால், "சும்மா இரு, நாலு மணிக்கு வண்டி கிளம்பணும்" என்பாள்.

போன மாதம் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நானும் அக்காவும் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் பழப்பையோடு வந்தார். நல்ல மனுஷர். "தைரியமா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் கதவையே பார்த்தோம். எவ்வளவு நேரம்தான் ஒரு கதவைப் பார்ப்பது? அவர் போனை எடுத்தார். யாரோ சரக்கு இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். பழக்கதோஷம், மாமாவுக்கே ஒரு மெயில் தட்டினார்.

அக்கா மடியில் போன் டிங் என்றது. அவளுக்கும் பழக்கதோஷம். நான் முழங்கையால் இடிப்பதற்குள் பதில் போய்விட்டது. அவர் கையில் டிங்.

"ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டது சார். பன்னிரண்டுக்குள் போய்ச் சேரும்."

மேனேஜர் படித்துவிட்டு "சபாஷ்" என்றார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து தியேட்டர் கதவைப் பார்த்தார். மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள இருக்கறது யாரு?"

"அவர்தான் சார்" என்றாள் அக்கா.

"அப்ப இது யாரு?"

அக்கா போனை முந்தானைக்குள் மறைத்தாள். என் வாய் சும்மா இருக்குமா? "அதுவும் அவர்தான் சார்" என்றேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. போனில் பழைய மெயில்களைத் தள்ளிக்கொண்டே போனார். "லிஃப்ட் இருக்கான்னு கேட்டு எழுதறது?"

"நான்தான் சார்."

"போன வருஷம் நான் கோபமா எழுதினதுக்கு, 'ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படியுங்கள்'னு பதில் போட்டது?"

"அதுவும் நான்தான். மன்னிச்சிடுங்க சார்."

"குடிச்சேன்" என்றார் மேனேஜர்.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "அவர் ஏத்தின அலமாரியில ஒரு கீறல் பாத்திருக்கீங்களா சார்? தப்பு பூரா என்னோடது. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அவரை வேலையை விட்டு எடுத்துடாதீங்க." அந்த வீட்டுக்கு வருவது அந்த ஒரு சம்பளம்தான்.

மேனேஜர் எழுந்து தாழ்வாரக் கோடிக்குப் போய் யாரிடமோ கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்து, "போனைக் கொடுங்கம்மா" என்றார். வாங்கி இரண்டு இடத்தில் தொட்டு ஆபீஸ் மெயில் கணக்கையே எடுத்துவிட்டார். மூன்று வருஷத்து மெயிலும் அதிலிருந்து போய்விட்டது.

"அவருக்கு உடம்பு முடியல, மெயில் பாக்க வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமையே ஒருத்தர் வர்றாரு. உங்க விஷயம் நம்ம மூணு பேரோட போகட்டும். அவர் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே நீங்க நிம்மதியா வீட்டைப் பாத்துக்கலாம்மா."

"ரொம்ப நன்றி சார்" என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள்.

அவர் போனபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சிவப்பு விளக்கும் அணைந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, நல்லபடியாக முடிந்தது, கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம் என்றாள். அக்கா தலையாட்டினாள். ஆனால் வெறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையை மட்டும் நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

"இன்னும் என்னக்கா அழுகை? அதான் வேலை தப்பிச்சுதே."

"அவர் வேலைதானே தப்பிச்சுது" என்றாள்.