விமானத்தின் வயிற்றுக்குள் முஸ்தபா

திருப்பூர் ராயபுரத்தில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த முஸ்தபாவுக்கு 1964-ல் விமானப் பட்டறையில் வேலை கிடைத்தது. கைத்திறன் பாதிக் காரணம், உடம்பு பாதிக் காரணம். முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டியது போல இருப்பார். அங்கே சில விமானங்களின் இறக்கைக்குள் பெட்ரோல் நிற்பது தகர டேங்கில் அல்ல, ரப்பர் பூசிய துணிப் பையில். கசிந்தால் ஆளே உள்ளே போய் ஒட்டுப் போட வேண்டும். போகிற துளையோ ஒரு சோற்றுக் குண்டாவின் அகலம்தான். போர்மேன் சிவசுப்பிரமணியம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டேப்பால் தோளை அளந்தார், மறுநாளே வரச் சொன்னார்.

பெட்ரோலை வடித்து, ஆவி போகும்வரை காற்றடித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். பொறி கிளம்பிவிடக் கூடாது என்று பெல்ட், மோதிரம், நைலான் எதற்கும் அனுமதியில்லை. பருத்திப் பனியனும் அரை டிராயருமாகப் படுத்துக்கொண்டு, கிழிசலைச் சுரண்டி, பசை தடவி, ஒட்டை அழுத்திப் பிடித்தபடி கிடப்பார் முஸ்தபா.

பனியன் கம்பெனி சலாவுதீன் இதையெல்லாம் விசாரிக்கவில்லை. விமானத்தில் வேலை என்று தரகர் சொன்னதே போதுமென்று மகள் சைதுன்னிசாவைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறார் என்று பந்தி பந்தியாகச் சொன்னார். முஸ்தபா திருத்தத்தான் பார்த்தார். ஆனால் வாய் நிறையக் கறி இருந்தது. விருந்து நாற்பது நாள் நடந்தது.

நாற்பத்தோராம் நாள் வேலைக்குப் போனார். எப்படியோ உள்ளே நுழைந்து ஒட்டும் போட்டுவிட்டார். திரும்பும்போது தலையும் கைகளும் வெளியே வந்தன, வயிறு வரவில்லை. போர்மேன் வந்து அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"மூச்சை வெளிய விடுங்க, முஸ்தபா."

"விட்டுட்டனுங்க."

"இன்னுங் கொஞ்சம்."

"இனி உசுருதானுங்க பாக்கி."

கடைசியில் கசிவு பார்க்க வைத்திருந்த சோப்புத் தண்ணீரைத் துளை விளிம்பில் ஊற்றி, நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உரித்த நுங்கு போல வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். பனியன் உள்ளேயே தங்கிவிட்டது. போர்மேன் திட்டவில்லை. ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை முஸ்தபா கூனிக் குறுகி, தான் பறக்கிறவனல்ல, தவழ்கிறவன் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார். சைதுன்னிசா கோபப்படவில்லை.

"துளை எத்தனை அங்குலமுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அந்த அளவுக்குக் கம்பியை வளைத்து, கீறாமலிருக்கப் பனியன் துணி சுற்றி, அடுப்படி வாசலில் கட்டினாள். அதில் நுழைந்து வந்தால்தான் சோறு, இல்லையென்றால் வளையம் வழியாகக் கஞ்சி நீட்டப்படும். இரண்டு வாரம் கஞ்சிதான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டியோடு வந்த சலாவுதீன், வளையத்தில் பாதி நுழைந்து நின்ற மருமகனைக் கண்டார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையைச் சர்க்கஸில் சேர்த்துவிட்டாயா என்று மகளைக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஊரெல்லாம் ஓட்டறாருன்னு சொல்லிப்போட்டனே, மாப்பிள்ளே."

"ஓட்டறதில்லீங்க மாமா, ஒட்டறேன்," என்றார் முஸ்தபா வளையத்திலிருந்தபடியே. "எழுத்துல ஒரு சுழிதானுங்க வித்தியாசம்."

சலாவுதீன் வியாபாரி. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அந்தச் சொல்லை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு நூல் விலைக்குத் தாவிவிடுவார்.

மாதக் கடைசியில் முஸ்தபா துளைக்குள் போய், முனகாமல் வெளியே வந்தார். மேலும் பத்து வருஷம் அதே வேலையில் இருந்தார். இடையில் ஒருமுறை விமானி ஒருவர் சோதனைப் பறப்புக்கு அவரைக் கூட்டிப்போனார். திருப்பூர் தெரிகிறது பார் என்று விமானி கீழே காட்டியபோது முஸ்தபா திரும்பவேயில்லை. இருபது நிமிடமும் கண்ணெடுக்காமல் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சொட்டாவது விழுகிறதா என்று. விழவில்லை. இறங்கியதும் வாந்தி எடுத்தார்.