முதல் குதிரையைப் பிடித்து வந்தவர் யார்?

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரிடம் அவர் ஒருமுறையாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். “நம்ம ஊர்ல நடந்த மொத பந்தயத்துல ஜெயிச்ச குதிரைய யாரு புடிச்சிக்கிட்டு வந்தா?” கல்யாண வீட்டிலும் கேட்பார், பல் மருத்துவரிடமும் கேட்பார்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், ஒரு குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் அப்பா பிறந்தார். பந்தயம் அப்போது ஃபேரர் பார்க்கில். திடல் புக்கித் தீமாவுக்கு மாறியபோது அவரும் குதிரைகளோடு போய், அவற்றைப் பராமரித்துப் பந்தயத்துக்குக் கயிறு பிடித்துக் கூட்டிவரும் குதிரைக்காரர் ஆனார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் நல்ல குதிரைகளை ராணுவம் கொண்டுபோயிற்று. அப்பாவின் லாயத்தில் மிஞ்சியது ஒரு வயதான பெண்குதிரை மட்டும். அம்மா வயிற்றில் நான். வேலையில்லாத ஆண்களைச் சயாமில் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “அது போயிட்டா அடுத்த லாரி எனக்குத்தான்” என்று அப்பா சொல்லியிருக்கிறார். கொள்ளு கிடைக்காத நாட்களில் எங்கள் வீட்டு மரவள்ளிக்கிழங்கில் பாதி அதற்குப் போகும். “புள்ளத்தாச்சி நானா, அதுவா?” என்று அம்மா கேட்பாராம்.

ஒரு காலை, அந்தக் குதிரை வண்டி இழுக்க உதவுமா என்று பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். ஒரு சிப்பாய் ஏறி அதைத் திடல் முழுக்க விரட்டினான். வாயில் நுரை தள்ளத் திரும்பி வந்தது. தண்ணீர் காட்டி லாரியில் ஏற்று என்றார் அதிகாரி. அப்பா வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்! ஓடிவந்த குதிரையை உடல் ஆறும்வரை நடத்தாமல் தண்ணீர் காட்டக்கூடாது. அது அவர் கையில் ஊறிய பழக்கம். எதிரே நிற்பது யார் என்பதைக் கை யோசிக்கவில்லை.

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா அப்பாவின் காதருகே குனிந்தார். “அண்ணை, குடுத்துவிடுங்கோ. உங்களோடை என்ரை தலையும் போகும்.”

“என்னை அடிக்கச் சொல்லுங்க சார். தண்ணி இப்ப கெடையாது. சூட்டுல குடிச்சா வயிறு முறுக்கிச் செத்துடும்.”

குமாஸ்தா அதை எப்படிச் சொன்னாரோ! அதிகாரி வாளியையும் குதிரையின் வாய் நுரையையும் பார்த்தார். பிறகு, நடத்து என்று கைகாட்டிவிட்டு, தானும் குதிரையின் மறுபக்கம் நடந்தார். குதிரைப்படையில் இருந்தவராம். மூன்றாவது சுற்றில், இந்த ஊரில் பந்தயம் எப்படித் தொடங்கியது என்று கேட்டார்.

பேச்சென்றால் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும்? ஃபேரர் பார்க் சேறும் புதருமாய்க் கிடந்ததையும், வெள்ளைக்காரர்கள் சங்கம் வைத்து அதைத் திருத்தியதையும், கிழட்டுக் குதிரைக்காரர்கள் தனக்குச் சொன்னபடியே சொன்னார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்ததையும் விடவில்லை. குமாஸ்தாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

“முதலில் ஜெயித்தது யார்?” என்றார் அதிகாரி.

“தெரியாது சார். குதிரை பேரு, மொதலாளி பேரு எங்கியாச்சும் எழுதி வச்சிருப்பாங்க. புடிச்சிக்கிட்டு வந்தவன் பேர யாரு எழுதுவா?”

அதற்குள் குதிரையின் மார்பு ஆறியிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு அப்பா வாளியை நீட்டினார். அது குடித்து முடிக்கும்வரை அதிகாரி நின்றார். குதிரையும் இந்த ஆளும் இங்கேயே இருக்கட்டும், படைக் குதிரைகளையும் இவனே பார்க்கட்டும் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நான் பிறந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். “நல்லவன்னு சொல்ல மாட்டேன். குதிரை தெரிஞ்சவன்” என்பார் அந்த அதிகாரியைப் பற்றி. அவ்வளவுதான்.

குமாஸ்தா மாமா பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரானார். என் கல்யாணத்தில் இந்தக் கதையைச் சொல்லி, “உன்ரை அப்பா நடத்தினது குதிரையை இல்லை பிள்ளை, என்ரை உயிரை” என்றார்.

செங்காங் வீட்டில் அப்பாவின் கடைசி மாதங்களில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அவர் கதையைப் பத்தாவது முறையும் புதிதாய்க் கேட்ட தாதிக்கும், தோள்கொடுத்த மாமாவின் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரின் அட்டையில் அவர் பெயருக்குக் கீழே “குதிரைக்காரர்” என்று போடச் சொன்னேன். “ஓய்வுபெற்றவர்னு போட்டா மரியாதையா இருக்கும்லா” என்றார் அச்சகத்துத் தம்பி. வேண்டாம் என்றேன். அந்த முதல் குதிரையைப் பிடித்து வந்தவர் பெயர் உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதையும் எழுதி வைக்கிறேன்.