மூன்று முறை தவறிய வசனம்

1953 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்த மறுவாரம் என்பதால் தேதியில் எனக்குச் சந்தேகமில்லை. ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஞாயிறு எப்போதும் ஒரே மாதிரிதான். ஆறு மணிப் பூசை, ஏழேகாலுக்கு டீயும் பன்னும், எட்டு மணிக்கு அப்பாவின் துறைமுகச் சட்டைகளுக்கு அம்மா நீலம் போடுவது. அன்று ஒன்பது மணிக்கு நான் மீன் கரைக்கு ஓடியதுதான் புதிது. அங்கே படப்பிடிப்பு. சித்தி சினிமாவில் பேசப் போகிறாள்.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். நான்கு வருடமாகக் கோடம்பாக்கம் போய்வந்தாள். ராணியின் தோழிகளில் ஒருத்தி, நர்ஸ், ஒரு படத்தில் பிணம். எதிலும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. இதில் மீன்காரி வேடம், ஒரே ஒரு வசனம். அது நன்றாக அமைந்தால் மாதச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

மேக்கப்காரர் சித்தியின் முகத்தில் கரியைத் தடவினார். மீன்காரி அழுக்காக இருக்க வேண்டுமாம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நிஜ மீன்காரிகள் தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, வெள்ளைவெளேரென்று ரவிக்கை போட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கதையில் வரும் பணக்காரர் காலில் விழுந்து சித்தி சொல்ல வேண்டிய வசனத்தை உதவி டைரக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "நாங்கோ கலீஜ் ஜனங்கோ சாமி, எங்க வார்த்தைய நம்பாதீங்கோ."

எங்கள் கரையில் மீன் ஏலம் முழுவதும் வாய்ச்சொல்லில்தான் நடந்தது. விலை சொன்னவர் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

கேமரா ஓடியது. சித்தி காலில் விழவில்லை. நின்றபடியே, "நாங்கோ கடலுக்குப் போற ஜனங்கோ சாமி. எங்க வார்த்தைய நம்பலாம்" என்றாள்.

டைரக்டர் நிறுத்தி, மறந்துவிட்டதா என்று தன்மையாகவே கேட்டார். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னாள். எனக்குப் பின்னால் ஒருத்தி, "இன்னாமே, கோடம்பாக்கம் போய்க்கினு வந்துகினு கெடந்தே, ஒரு வரி வாயில நிக்கலியா?" என்று கத்தினாள். மூன்றாம் முறையும் அதே வரி வந்தபோது அவள் கத்தவில்லை. கூடையிலிருந்து ஒரு பெரிய வஞ்சிரத்தை எடுத்து இலையில் சுற்றத் தொடங்கினாள்.

ஃபிலிம் வீணாகிறது என்று டைரக்டர் சித்தியைப் போகச் சொன்னார். சித்தி நேராகக் கடலில் இறங்கி, எல்லோரும் பார்க்க, முகத்துக் கரியைக் கழுவினாள். வஞ்சிரம் வீட்டுக்கு வந்தது. பள்ளியில் செய்யுள் மறந்தால் எனக்கு அடிதான் விழும். சித்திக்கு ஏன் மீன் கொடுத்தார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

அந்தக் கம்பெனி பிறகு அவளைக் கூப்பிடவில்லை. நாடகக் குழுக்களும் வானொலியும்தான் சோறு போட்டன. தொலைக்காட்சி வந்தபோது தலை நரைத்திருந்தது. நீதிபதி, தலைமையாசிரியை, ஆவி, ஒரு தொடரில் வக்கீலின் மாமியார் என்று, நான் குறித்து வைத்தவரை பத்தொன்பது வேடங்கள். மீன்காரியாக நடித்த இரண்டிலும் வசனத்தை அவளே மாற்றிக்கொண்டாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவாளாம்.

அன்று மீனை அறுத்துக்கொண்டே அம்மா புலம்பினாள். "ஒத்த வரி. சொல்லிட்டு வந்தா இன்னா கொறஞ்சு பூடும்?"

"அப்ப நீ சொல்லுக்கா. கரைக்குப் போயி, அவுங்க மூஞ்சியப் பாத்துகினு சொல்லு."

அம்மா மீனை இரண்டாம் முறை கழுவினாள். அவளுக்கும் அந்த வரி தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது மனப்பாடமாகத் தெரியும்.

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், அந்த வசனத்தைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். தூங்கிக்கொண்டிருந்த சித்தியின் உள்ளங்கையில் வைத்து, அடுத்த முறை மறக்காமலிருக்க, விரல்களை மடக்கி மூடிவிட்டேன்.